சுருளியும் வைகை அணையும் பந்தெறிந்த வருடம்

1.

இந்தக் கதையில் எல்லாவற்றையும் மாற்றிய ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைச் சொன்னது யார் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: ஓவியா, செல்வின், நான். மூவரில் ஒருவர் சொன்னார். சொன்ன பிறகு யாரும் சிறிது நேரம் பேசவில்லை. அந்த மௌனம் நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு மௌனங்கள் தங்கும் அளவுக்குப் பேச்சு தங்குவதில்லை. கதை எழுத உட்காருகிறவனுக்கு இது பெரிய குறை.

போன மாதம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஓவியா கேட்டாள்: "நாகராஜண்ணே, அன்னைக்கு அதச் சொன்னது நீங்கதான? நான் எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியிறேன்."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஒங்ககிட்டப் போயி கேட்டேன் பாருங்க" என்று எழுந்து போனாள். அவள் போன பிறகும் நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கேதான் இந்தக் கதை தொடங்கியது.

முதலில் இப்படி எழுதினேன்:

[கம்பம் பள்ளத்தாக்கில் மேகங்கள் இறங்கும் ஒரு காலையில், கடல்களுக்கு அப்பால் இரண்டு இளைஞர்களின் தலைவிதி]

அடித்துவிட்டேன். அன்று மேகம் இறங்கவில்லை. கீழே உரக்கடையில் யூரியா மூட்டைதான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேலும், அன்றைக்கு ஆபத்தில் இருந்தது அந்த இளைஞர்களின் விதி இல்லை, ஓவியாவின் வேலை. இரண்டாம் முறை:

[உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் பின்தெருவில் ஓர் உரக்கடையின் மாடியில் உட்கார்ந்து, நேரில் ஒரு தடவைகூடப் பார்த்திராத ஓர் ஆட்டத்துக்கு மதிப்பெண்]

இது பரவாயில்லை. ஆனால் வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. அரைகுறையாக இருக்கட்டும். நீங்கள் அந்த மாடிப்படியில் ஏறத் தொடங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

2.

வேலையை முதலில் விளக்கிவிடுகிறேன். பிறகு கதை சொல்லும்போது நடுவில் நிறுத்தி விளக்கினால் உங்களுக்கு எரிச்சல் வரும், எனக்கும் வரும்.

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. இரண்டு முனையும் கூம்பிய பந்து. தலைக்கவசம் போட்ட ஆட்கள். ஒவ்வோர் அணியிலும் ஒருவன் பந்தை வாங்கி, எதிராட்கள் தன்னைச் சாய்ப்பதற்குள், ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆளுக்கு எறிய வேண்டும். அவன் பெயர் குவாட்டர்பேக்.* அவன் எறிகிற ஒவ்வோர் எறியும் ஒரு துண்டு வீடியோவாக எங்களுக்கு வரும். பந்து, பிடிக்க வேண்டியவனின் கைக்கு எட்டுகிற மாதிரி வந்ததா? நல்ல எறி. வரவில்லையா? கெட்ட எறி. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துப் போடுவார்கள். இருவரும் வேறு வேறாகப் போட்டால் அந்தத் துண்டு மூன்றாவது ஆளிடம் வரும். செல்வினும் ஓவியாவும் முதல் இரண்டு பேர். மூன்றாவது நான்.

ராத்திரி வேலையா என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை. ஆட்டம் முடிந்து, வெட்டித் துண்டாகி வருவதற்கே இரண்டு நாள் ஆகும். நாங்கள் வெயிலில் வந்து வெயிலில் வீட்டுக்குப் போகிறவர்கள்.

(* செல்வினுடையது போடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பம். அவன் அம்மா ஜெபராணி இந்தச் சொல்லை வீட்டுக்குள் நுழைய விடவில்லை. "ஏலே, ஜெபம் பண்ற வீட்டுல விடிஞ்சும் விடியாம என்னலே குவாட்டரு?" என்று சத்தம் போட்ட பிறகு அவன் 'பந்தெறியிறவன்' என்று மாற்றிக்கொண்டான். அந்த அம்மாவுக்கு மரியாதையாக நானும் கதை முழுக்க அப்படியே எழுதுகிறேன்.)

அந்த வருடம் எங்களுக்கு வந்தது இரண்டு இளம் பந்தெறிகிறவர்கள். ஒரே அணி. இருவரையும் மாறி மாறி இறக்கிப் பார்த்தார்கள். இருவருமே ஒரு வாரம் கொண்டாட வைத்தார்கள், மறு வாரம் தலையில் கை வைக்க வைத்தார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று அணிக்குத் தெரியவில்லை. எங்களுக்கு வேலை தரும் அமெரிக்க நிறுவனம் இருவரையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையின் அடியில் கிடப்பது உரக்கடை மாடியில் நாங்கள் போடும் மதிப்பெண்கள்.

அவர்கள் பெயர்கள் முதுகில் எழுதியிருந்தன. எங்கள் வாயில் நுழையவில்லை என்று சொல்ல வந்தேன், அது பொய். எங்களுக்கு நுழைக்க விருப்பமில்லை. எங்கள் ஊரில் யாரையாவது நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பட்டப்பெயர் வைக்காமல் இருக்க முடியாது. ஒருவன் சுருளி, எங்கள் பக்கத்து மலையருவியின் பெயர். சில வாரம் அருவி மாதிரிக் கொட்டுவான். சில வாரம் பார்த்தால் பாறை மட்டும் இருக்கும். சில வாரம் யானை நிற்கிறது என்று கேட்டையே பூட்டிவிடுவார்கள், அதாவது காயம். இன்னொருவன் வைகை அணை. பந்தை வாங்கினால் விடவே மாட்டான். மூன்று தடியர்கள் மேலே வந்து விழப் போவார்கள். அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பான்.

"மூணாவது எச்சரிக்கையும் விட்டாச்சு, ஆத்துல எறங்காதீகன்னு தமுக்கும் அடிச்சாச்சு, இன்னும் ஷட்டரத் தூக்கலியே இவன்!" என்பாள் ஓவியா, திரையைத் தட்டி.

"அவன் மழைக்குச் சேத்து வைக்கிறான். ஒனக்கென்ன?" என்பான் செல்வின்.

3.

ஓவியாவைப் பற்றி எழுதுவதில் எனக்கு ஒரு தயக்கம். இதற்கு முந்தைய பிரதியில் அவளை அமைதியான, உறுதியான பெண்ணாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் அது நான். உண்மையான ஓவியா சத்தமாகப் பேசுவாள், சீக்கிரம் கோபப்படுவாள், கோபம் வந்தால் வார்த்தை வராமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாள். ஓடைப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் திராட்சைத் தோட்டம். கல்லூரியில் கபடி ஆடினாள், ரெய்டு போகிறவள். மண்டலப் போட்டிக்கு அணி அறிவித்தபோது அவள் பெயர் இல்லை. பயிற்சியாளர் சொன்ன காரணம் ஒரே வார்த்தை: நிலையில்லாதவள்.

இதை ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் என்னிடம் சொன்னாள். "ஒருநாளு அஞ்சு பேரத் தொட்டுட்டு வருவேண்ணே. மறுநாளு சும்மா திரும்பி வருவேன். பாக்குறவகளுக்கு அம்புட்டுத்தான தெரியும், வெறுங்கையோட வந்துருக்கான்னு." பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டாள்.

[இந்த இடத்தில் அவள் கண் கலங்கியதாக எழுதி, பிறகு எடுத்தேன். கலங்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக ஒருவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.]

அந்த வருட ஆட்டப் பருவம் பாதி ஓடியிருக்கும்போது நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உத்தமபாளையத்து மதிப்பெண்கள் ஒத்துப்போகவில்லை. இரண்டு மதிப்பீட்டாளர்களும் அளவுக்கு மீறி முரண்படுகிறார்கள். அதிலும் ஒருவர் தன்னோடேயே முரண்படுகிறார்: ஒரே மாதிரியான எறிக்கு ஒருநாள் 'நல்லது', மறுநாள் 'கெட்டது'. இருவரில் ஒருவரை எடுத்துவிட்டு வேறு ஆள் போடவும். அடைப்புக்குறிக்குள் அவர்களே உதவியாக எழுதியிருந்தார்கள்: (இரண்டாம் மதிப்பீட்டாளர் நிலையற்றவர்.)

இரண்டாம் மதிப்பீட்டாளர் ஓவியா.

எங்கள் அலுவலகத்தை நடத்துகிற எபனேசர் சார் என்னைக் கூப்பிட்டார். ஏலக்காய் வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்தவர். கம்ப்யூட்டரைக் கண்டாலே கொஞ்சம் ஒதுங்கி நிற்பார், மாட்டைக் கண்டு ஒதுங்குகிற மாதிரி.

"நாகராஜு, இத வாசிச்சீகளா?"

"வாசிச்சேன் சார்."

"ஒருத்தர அனுப்பணுமாம். யாருன்னு அவுகளே பாதி சொல்லிட்டாக. ஆனா அந்தப் பிள்ளையப் போகச் சொல்ல எனக்கு வாய் வர மாட்டேங்குது. தகராறு வந்த எல்லாத்தையும் பாத்தவரு நீங்க. ஒரு தடவ ஒக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க, யாரு தப்பு பண்றதுன்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள."

நான் பேசாமல் நின்றேன்.

"இப்பிடி நிக்காதீக. நீங்க இப்பிடி நின்னா எனக்கு நெஞ்சு படபடங்குது."

ஓவியாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. மாடி சின்னது. நான் என் இடத்துக்கு வந்தபோது அவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அதே வார்த்தையத்தான் போட்டுருக்காகளா?"

ஆமாம் என்றேன். அந்த ஒருமுறை எனக்குப் பதில் உடனே வந்தது.

4.

இதுவரை படித்த நீங்கள் ஒன்றை எதிர்பார்ப்பீர்கள்: செல்வின் இதில் வில்லன். அவள் போனால் அவன் நிற்பான் அல்லவா? நானும் அப்படி ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். அதில் அவனுக்கு மெல்லிய மீசையும் அரைச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். இரண்டு பக்கத்துக்கு மேல் அவன் ஒத்துழைக்கவில்லை. செல்வினுக்கு நடிக்கத் தெரியாது. கடையில் உட்கார்ந்து வளர்ந்தவன். எடை சரியாக இருக்க வேண்டும் என்பது மட்டுந்தான் அவன் கவலை.

வியாழக்கிழமை மதியம் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து, தகராறான துண்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். அதற்கு முன் நாங்கள் அப்படிச் செய்ததே இல்லை. தனித்தனியாகப் பார்ப்பதுதான் விதி.

முதல் துண்டு. வைகை அணை பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறான். இடது பக்கமிருந்து ஒருவன், வலது பக்கமிருந்து இருவர். கடைசி நொடியில் பந்தை வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, யாருமே இல்லாத இடத்துக்கு எறிகிறான். பந்து அங்கே தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு நின்ற ஆளின் காலடியில் விழுகிறது.

செல்வின் போட்டது: கெட்டது. ஓவியா போட்டது: நல்லது.

"இது எப்படி நல்ல எறி? நீயே சொல்லு ரெய்டரம்மா," என்றான் செல்வின். "கல்லாவுல இருக்க காச அள்ளித் தெருவுல வீசுனா அதுக்குப் பேரு யாவாரமா?"

"அட யாவாரி, அவன் மேல மூணு பேரு விழுகுறானுக. பந்த அமுக்கி வச்சுக்கிட்டு விழுந்தா எடமும் போச்சு, பந்தும் போகும். வெளிய விட்டான். ஒண்ணும் வரல, ஒண்ணும் போகல. அடுத்த தடவ ஆடிக்கிருவான். ரெய்டு போயி யாரையும் தொடாம கோட்டத் தாண்டித் திரும்பி வந்தா அது தோத்ததா? உசுரோட வந்தான்ல?"

"பந்து கைக்கு எட்டுச்சா எட்டலயா? அதான கேள்வி. பாட்டில்காரன் கைக்குக்கூட எட்டல."

"கேள்வி தப்பு."

"கேள்வி அமெரிக்காக்காரன் கேட்டது. போயி அவன்ட்டச் சொல்லு."

அடுத்த துண்டு. இப்போது சுருளி. மேலே இருவர் விழ வருகிறார்கள். பந்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே. ஏறக்குறைய அதே இடம்.

செல்வின் போட்டது: கெட்டது. ஓவியா போட்டதும்: கெட்டது. அவர்கள் ஒத்துப்போன அரிய துண்டுகளில் ஒன்று. செல்வின்தான் அதை வேண்டுமென்றே நடுவில் சேர்த்திருந்தான்.

"ஆங்! இப்பப் பேசு. அதே எறி, அதே கோடு. அணை வீசுனா புத்திசாலி, சுருளி வீசுனா முட்டாளா? நீ அணைக்கு ஆளு, அத ஒத்துக்க."

"நான் யாருக்கும் ஆளு இல்ல."

"அப்ப இது ஏன் கெட்டது?"

"இது வேற."

"என்ன வேற?"

"பாத்தாத் தெரியுது, வேறன்னு. இங்கன வெளிய விடக் கூடாது. விட்டா..." அவள் கையால் காற்றை வெட்டினாள். "விடக் கூடாது, அம்புட்டுத்தான்."

"பாத்தியா, இதத்தான் அவுக எழுதிருக்காக." செல்வின் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னான். "ஓவியா, ஏன்னு சொல்லு. சொன்னாத்தான அண்ணன் போயி சார்ட்டச் சொல்ல முடியும்?"

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கீழே யாரோ ஒரு வக்கீல் குமாஸ்தா டீக்கடையில் வழக்குக் கட்டுகளோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். திரையில் சுருளி கையை நீட்டியபடி உறைந்து நின்றான்.

அப்போதுதான் ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"இது மூணாவது."

அவ்வளவுதான். இரண்டே சொல்.

5.

விளக்க வேண்டும், மன்னியுங்கள். அந்த ஆட்டத்தில் பந்தை வைத்திருக்கும் அணி பத்து கஜம் முன்னேற நான்கு முயற்சி உண்டு. ஆனால் நான்காவதில் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். ஆகவே கணக்குக்குக் கடைசி முயற்சி மூன்றாவதுதான். எத்தனையாவது முயற்சி என்பது திரையின் மூலையில் சின்னதாக எழுதியிருக்கும். நாங்கள் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எங்கள் கண் பந்தோடு போகும்.

கபடியிலும் இப்போதைய விதி ஒன்று உண்டு. ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு ரெய்டு சும்மா திரும்பினால், மூன்றாவது ரெய்டு போகிறவர் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். வெறுங்கையோடு வந்தால் அவரே அவுட். சின்னமனூர்ப் பக்கத்து ஊர்த் திருவிழா ஆட்டங்களில்கூட அந்த நேரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். முதல் இரண்டு தடவை உயிரோடு திரும்புவது சாமர்த்தியம். மூன்றாவது தடவை அதையே செய்தால் ஆட்டத்தைக் கைவிட்டதாகத்தான் அர்த்தம்.

ஓவியாவின் கண் மூலையிலிருந்த அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அவளுக்கே தெரியாமல். கல்லூரி மைதானத்தில் எத்தனையோ சாயங்காலம் பழகிய கண்.

செல்வின் எங்கள் இருவரையும் பார்க்காமல் கம்ப்யூட்டரை இழுத்துக்கொண்டான். வெளியே எறியப்பட்ட பந்துகளை எல்லாம் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றிலும் மூலையைப் பார்த்தான். சாப்பிடக்கூடப் போகவில்லை. ஓவியா தன் டிபன் பாக்ஸைத் திறந்து அவன் பக்கத்தில் வைத்தாள். பார்க்காமலேயே எடுத்துத் தின்றான். கடைசியில் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"அண்ணே, ஒண்ணு ரெண்டத் தவிர எல்லாமே சரியா இருக்குண்ணே. மொத தடவ, ரெண்டாந்தடவ வெளிய விட்டா நல்லதுன்னு போட்டுருக்கா. மூணாவதுல விட்டா கெட்டதுன்னு போட்டுருக்கா. நான்தான் எல்லாத்தையும் ஒரே தராசுல வச்சிருக்கேன்."

பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஏன் ஆத்தா, இத மொதல்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதான?" என்றான்.

"தெரிஞ்சாத்தானடா சொல்லுறதுக்கு!" என்றாள் ஓவியா. அப்போது குரல் கொஞ்சம் உடைந்தது. (இதை நான் சேர்க்கவில்லை. இது நடந்தது.)

இன்னொன்றும் அந்தப் பட்டியலிலிருந்து எழுந்து வந்தது. மொத்தமாகக் கூட்டினால் சுருளியும் வைகை அணையும் ஏறக்குறைய ஒரே அளவு பந்துகளை வீணாக்கியிருந்தார்கள். அதனால்தான் அணிக்கு யாரென்று தெரியவில்லை. பிரித்துப் பார்த்தால், அணை பெரும்பாலும் முதல் இரண்டு முயற்சிகளில் வெளியே விடுகிறான். மூன்றாவதில் மேலே ஆள் விழுந்தாலும் தன் ஆளைத் தேடி எறிகிறான். அது சில சமயம் எதிராளி கைக்கும் போய்விடுகிறது. சுருளி நேர்மாறு. முதலில் கண்டபடி துணிகிறான். மூன்றாவதில் பயந்து வெளியே விடுகிறான்.

சரி, அந்த இரண்டு சொற்கள். யார் சொன்னது?

முதல் பிரதியில் நானே சொன்னதாக எழுதினேன். ஓவியாவும் அப்படித்தான் நம்புகிறாள். எழுதியபோது நன்றாகவே இருந்தது. ஆனால் நான் அப்படிப் பட்டென்று ஒன்றைச் சொல்லக்கூடியவனா என்று என்னை அறிந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் பிரதியில் செல்வின் சொன்னான். எனக்கு இதுதான் உண்மை என்று தோன்றியது. உறுதி செய்துகொள்ளக் கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். இப்போது அவன் அங்கேதான் இருக்கிறான்.

"என்னண்ணே, நானா? வெளையாடுறீகளா? ஓவியால்ல சொன்னா! ஜன்னல்ட்ட நின்னு, திரும்பிக்கூடப் பாக்காம சொன்னா. எனக்கு அப்படியே புல்லரிச்சிருச்சு."

ஆக, ஓவியா என்னைச் சொல்கிறாள், நான் செல்வினைச் சொல்கிறேன், செல்வின் ஓவியாவைச் சொல்கிறான். பத்து வருடம் அலுவலகங்களில் வேலை பார்த்திருக்கிறேன். நல்ல யோசனை ஒன்றை ஆளாளுக்குத் தன்னுடையது என்று பிடுங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் கையில் திணிக்கப் போட்டி போட்டது அந்த மாடியில் மட்டுந்தான். எனக்கு அதில் பெருமை. பெருமையை எழுதினால் அடுத்த பத்தியில் ஒரு சறுக்கல் வரும் என்று வாசகர்கள் காத்திருப்பார்கள். வராது.

அந்த வரிக்கு முன்னால் பெயர் போடாமல் விட்டிருக்கிறேன். உங்களுக்குப் பிடித்தவர் வாயில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயரை வைத்தாலும் மற்ற இருவர் மறுக்க மாட்டார்கள்.

6.

வெள்ளிக்கிழமை மூவரும் எபனேசர் சார் அறைக்குப் போனோம். செல்வின்தான் விளக்கினான். எபனேசர் சார் கடைசிவரை கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அப்ப யார அனுப்பணும்?"

"யாரையும் வேணாம் சார்," என்றேன்.

"ஒருத்தர அனுப்பச் சொன்னாக. நீங்க போயி, ஒங்க கேள்வியே தப்புன்னு எழுதச் சொல்றீக. அவுக மொத்த வேலையையும் மணிலாவுல இருக்க அவுக ஆபீசுக்கு மாத்திட்டா? இங்கன இருக்க எல்லாரும் வீட்டுக்குப் போகணும். நானும் ஏலக்கா மூட்டைக்குப் போகணும்."

அவர் பயந்தது நியாயம். அப்படி நடந்திருக்கலாம். ஓவியா, "சார், நான் வேணா..." என்று தொடங்கினாள். செல்வின், "நீ சும்மா இரு" என்றான். அவள் அவனை முறைத்தாள். ஆனால் வாக்கியத்தை முடிக்கவில்லை. இந்தக் கதையில் பாதியில் விடப்பட்ட வாக்கியங்களில் எனக்கு மிகப் பிடித்தது அது.

எபனேசர் சார் மேசையிலிருந்த காகிதங்களை ஒதுக்கி வைத்தார். பிறகு தானே கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். செல்வின் தயாரித்த விளக்கத்தையும், இரண்டு பந்தெறிகிறவர்களும் ஒரே விதத்தில் நிலையற்றவர்கள் அல்ல என்று நான் எழுதிய ஒரு பக்கத்தையும் இணைத்தார். அதன் கீழே ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு வரி சேர்த்தார்: எங்கள் இரண்டு மதிப்பீட்டாளர்களும் எங்களோடு இருப்பார்கள்.

அனுப்புவதற்கு முன் கண்ணை மூடி ஜெபம் செய்தார். செல்வினும் மூடினான். ஓவியா என்னைப் பார்த்தாள், பிறகு அவளும் மூடினாள். நான் மட்டும் மூடவில்லை. யாராவது ஒருவர் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

இங்கே உங்களுக்கு இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

(அ) அமெரிக்காவிலிருந்து ஒரு பாராட்டு வருகிறது. அணியின் தலைமைப் பயிற்சியாளரே திரையில் தோன்றி, யார் இந்த ஓவியா என்று கேட்கிறார். கைதட்டல்.

(ஆ) பதிலே வரவில்லை. வேலை மணிலாவுக்குப் போகிறது. நால்வரும் மாடியைப் பூட்டிச் சாவியை உரக்கடையில் கொடுத்துவிட்டு

(ஆ)வை எழுதும்போதே எனக்கு வெறுப்பாக இருந்தது. சோகமாக முடித்தால் ஆழமாகத் தெரியும் என்ற ஆசையில் தொடங்கியது அது. (அ) வெறும் ஆசை மட்டும். இரண்டையும் தள்ளிவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கள்கிழமை பதில் இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. ஓவியா வந்தாள், மதிப்பெண் போட்டாள், போனாள். புதன்கிழமை காலை வழக்கம்போல் புதிய கோப்பு வந்தது. கடிதம் எதுவும் இல்லை. செல்வின் கோப்பைத் திறந்தான்.

"அண்ணே, இங்க வாங்க."

நல்லது, கெட்டது என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் புதிதாக மூன்றாவது ஒன்று இருந்தது. வேண்டுமென்றே வெளியே விட்டது. அதற்குக் கீழே தேர்ந்தெடுக்க இரண்டு: சரியான முயற்சியில், தவறான முயற்சியில். மணிலாவுக்கும் இதே கோப்புதான் போகும். அன்றிலிருந்து எல்லோரும் அதன்படிதான் பார்க்க வேண்டும் என்று மேலே ஒரு வரி குறிப்பு.

ஓவியா குனிந்து அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். "இது நம்மளுதுல்ல?" என்றாள்.

"ஒன்னோடது," என்றான் செல்வின்.

"நம்மளுது," என்றாள்.

எபனேசர் சார் எழுந்து வந்து பார்த்தார். அவருக்கு அந்தக் கட்டம் என்னவென்று சரியாகப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. "அப்ப யாரும் போக வேண்டாம்ல?" என்று மட்டும் கேட்டார். இல்லை சார் என்றோம். கீழே போய் எல்லோருக்கும் வடை வாங்கி வந்தார்; வாழ்நாளில் முதல் தடவையாக உரக்கடைக்காரருக்கும் ஒன்று கொடுத்தார்.

7.

இதற்குமேல் முடிவு என்று ஒன்றைக் கட்ட எனக்கு விருப்பமில்லை. யார் என்ன ஆனார்கள் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அணி வைகை அணையை வைத்துக்கொண்டது. ஒன்றரைப் பருவம் நன்றாக ஆடினான். பிறகு இன்னும் இளையவன் ஒருவன் வந்தான். இப்போது வேறு நகரத்தில் மாற்று ஆட்டக்காரனாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். சுருளி வேறு அணிக்குப் போய், முதல் வருடம் மூன்றாவது முயற்சியில் துணியக் கற்றுக்கொண்டான். அடுத்த வருடம் முழங்கால் போயிற்று. ஆட்டத்தை விட்டுவிட்டதாகக் கேள்வி. இருவருக்கும் எங்களைத் தெரியாது.

செல்வின் ஜெபஷீலா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூர் போய்விட்டான். அங்கே கைப்பந்து வீடியோக்களுக்கு மதிப்பெண் போடுகிறான். வீட்டில் இப்போது எந்தச் சொல்லுக்கும் தடை இல்லை.

எபனேசர் சார் தேனியில் இன்னொரு கிளை திறந்திருக்கிறார். இன்னும் ஒற்றை விரலால்தான் தட்டுகிறார்.

நான் அதே மாடியில்தான் இருக்கிறேன். தகராறான துண்டுகள் இன்னும் என்னிடம் வருகின்றன.

ஓவியா இப்போது உத்தமபாளையம் கிளைக்குப் பொறுப்பாளர். புதிதாகச் சேர்கிறவர்களின் மதிப்பெண்களை அவள்தான் சரிபார்க்கிறாள். யாராவது ஒரே மாதிரி எறிக்கு ஒருநாள் ஒன்றும் மறுநாள் இன்னொன்றும் போட்டால், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏன் என்று கேட்கிறாள். அவர்களுக்குச் சொல்லத் தெரியும்வரை எழுந்து போவதில்லை. இதுவரை அவள் யாரையும் வேலையிலிருந்து அனுப்பியதில்லை.